திருநங்கை, திருநம்பி தோழர்களே, ‘டாக்குமென்ட் கிளியரன்ஸ்’னு பணம் கேட்டா கொடுக்காதீங்க. என் 23,600 ரூபாய் போச்சு

23,600 ரூபாய். வேலை வாங்கித் தர்றோம்னு ஒரு கன்சல்டன்சி புடுங்கின தொகை. பேர் போடல, போட்டா கேஸ்னு ஏற்கெனவே மிரட்டியாச்சு. சென்னையில ஆபீஸ்னு சொல்லிக்கிட்டு, ‘திருநர் சிறப்பு ஆட்சேர்ப்பு’ன்னு வாட்ஸ்அப் குரூப்கள்ல வானவில் போஸ்டர் விடற வகை. ஓ.எம்.ஆர்.ல பேக் ஆபீஸ் வேலை, நான்-வாய்ஸ், கேப் உண்டு. கஸ்டமர்கிட்ட குரல் காட்ட வேண்டாம், பஸ்ல ஏறி முறைப்பு வாங்க வேண்டாம். நம்மாளுங்க எதுக்கு ஏங்குவாங்கன்னு தெரிஞ்சே எழுதினது.

நம்ப வெச்சது முதல் போன். “உங்களை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடணும்க்கா?”ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஃபார்ம்ல பழைய பேருக்குத் தனிக் கட்டம், பக்கத்துலயே ‘இது ரகசியமாக வைக்கப்படும்’னு ஒரு வரி. நிஜ கம்பெனிகள்ல பாதியோட ஃபார்ம்ல இது இருக்காது. வீடியோ இன்டர்வியூல எக்செல் வி-லுக்கப், நைட் ஷிஃப்ட் ஓகேவான்னு ஒழுங்கான கேள்விகள். ஆபரேஷன் ஆச்சான்னு யாரும் கேக்கல. அது போதாதா நம்பறதுக்கு?

மறுநாளே செலக்டட், பெரிய கம்பெனி லோகோவோட ஆஃபர் லெட்டர். கூடவே, “ஒரே ஒரு சிக்கல்க்கா. பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு பேரு, ஆதார்ல வேற பேரு. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அடிபட்டுடும். எங்க லீகல் டீம் கிளியரன்ஸ் வாங்கித் தரும். 20,000, மேல 18% ஜி.எஸ்.டி. 3,600. முதல் சம்பளத்தோட திரும்பி வந்துடும்.”

அப்படி ஒரு கிளியரன்ஸே கிடையாது. படிப்பு, பழைய வேலை எல்லாம் நிஜமான்னு பாக்கற அந்த வெரிஃபிகேஷன் செலவு கம்பெனியோடது, வேலைக்குச் சேர்றவங்களோடது இல்ல. நிஜ கம்பெனி தர்ற வெரிஃபிகேஷன் ஃபார்ம்ல ‘முந்தைய பெயர்’னு இருக்கற இடத்துல பழைய பேரைப் போட்டு, பெயர் மாற்ற கெஜட் (அரசிதழ்) நகலையும் மாவட்ட ஆட்சியர் தர்ற திருநர் சான்றிதழையும் இணைக்கணும். காலேஜ்லயும் பழைய ஆபீஸ்லயும் பழைய பேர்லயே விசாரிச்சுக்குவாங்க. அடிபடறது பேர் ரெண்டா இருக்கறதால இல்ல. புதுப் பேரை மட்டும் கொடுத்தா, காலேஜ்லேர்ந்து ‘அப்படி யாரும் இங்க படிக்கல’ன்னு பதில் வரும். சிவப்புக் கொடி விழறது அங்கதான். பழைய பேர் டீம் லீடர் வரைக்கும் போகக் கூடாதுன்னா, எச்.ஆருக்கு மெயில்லயே எழுதிக் கேட்டு வாங்கணும், வாய் வார்த்தை நிக்காது. பி.எஃப். பழைய பேர்ல இருந்தா முதல்ல ஆதாரை மாத்தணும், யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) விவரம் ஆதாரோட ஒத்துப்போகணும். திருநர் சான்றிதழுக்கு தேசிய போர்ட்டல்ல விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் இல்ல. இதுக்குத்தான் 23,600.

பணம் போனதும் ஆரம்பிச்சுது. எச்.ஆர். லீவு. அப்புறம் சர்வர் டவுன். அப்புறம் ‘ஜாயினிங் அடுத்த பேட்ச்ல’. லெட்டர்ல இருந்த கம்பெனியோட வெப்சைட்ல நம்பர் எடுத்துக் கேட்டா, இப்படி ஒரு கன்சல்டன்சியே தெரியாதுங்கறாங்க. ரீஃபண்ட் கேட்டேன். “ஃபைனான்ஸ்ல போட்டிருக்கோம், 7 வேலை நாள்.” திரும்பக் கேட்டதும் அதே பொண்ணு, அதே குரல்: “சார், உங்க பழைய சர்ட்டிஃபிகேட் எல்லாம் எங்ககிட்டதான் இருக்கு, பாத்துப் பேசுங்க.” அக்கா போயி சார் வந்துடுச்சு.

ரசீதைப் பெருசாக்கிப் பாத்தா, ஜி.எஸ்.டி. எண் 14 எழுத்து. 15 இருக்கணும், தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கணும். ஜி.எஸ்.டி. தளத்துல எண்ணைப் போட்டா யார் பேர்ல இருக்குன்னு வந்துடும். புகார் கொடுக்கப் போனா போலீஸ் ஸ்டேஷன்ல “சின்ன அமவுண்ட்தானே”ன்னாங்க. சின்னதாம், 23,600! சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு, கையில வாங்காம அங்கேர்ந்து நகரல.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, அதனால சுருக்கமா:

சேர்றதுக்கு முன்னாடி எந்தப் பேர்ல பணம் கேட்டாலும், யூனிஃபார்ம் டெபாசிட்னாலும், கட் பண்ணிடுங்க. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கொடுக்காதீங்க. நகல் அனுப்பினா மேலேயே எந்த கம்பெனிக்கு, எந்தத் தேதின்னு குறுக்க எழுதிடுங்க. ஆபரேஷன் பேப்பர், பழைய போட்டோ எந்த இன்டர்வியூவுக்கும் தேவையில்ல. கேக்கறவன் மிரட்டத்தான் சேர்த்து வைக்கறான். நிஜ கம்பெனியே திருநர்ங்கறதால ஒதுக்கினா 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவு இருக்கு. ஒவ்வொரு நிறுவனத்துலயும் புகார் அதிகாரி இருக்கணும்னு 11ஆம் பிரிவு சொல்லுது, அவர் பேரைக் கேளுங்க.

பணம் போயிடுச்சுன்னா உடனே 1930, சைபர் மோசடிப் புகார் நம்பர். தாமதிச்சா பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிடும். யு.பி.ஐ.யோட 12 இலக்க எண்ணைக் கையில வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.

இதே 20,000 ப்ளஸ் 3,600 கணக்குல ரசீது வெச்சிருக்கறவங்க வாட்ஸ்அப் சாட் எதையும் அழிச்சிடாதீங்க, எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. சேர்ந்து கமிஷனர் ஆபீஸ்ல கொடுக்கலாம். மூஞ்சி, பேர் எதையும் வெளியில விடமாட்டேன்.