நாடாப்புழு டெஸ்டுக்கு எங்கள் ஏரியா லேப்: மூன்றரை ஸ்டார்

மலத்தில் தட்டையாக, வெள்ளையாக, நூடுல்ஸ் துண்டு மாதிரி ஒன்று நெளிவதைப் பார்த்து வெலவெலத்துப்போய் டாக்டரிடம் ஓடினேன், அவர் டெஸ்ட் எழுதிக்கொடுக்க, வளசரவாக்கத்தில் வீட்டுப் பக்கத்து லேபுக்குப் போனேன். டப்பா கொடுத்த அக்கா, "முட்டை தினமும் வெளியே வராது, மூன்று நாள் சாம்பிள் கொண்டு வாங்க" என்று கூச்சமில்லாமல் விளக்கினார். அதற்கே மூன்று ஸ்டார். ரிப்போர்ட்தான் சொதப்பல், மாலையில் தருவதாகச் சொல்லி மறுநாள் மதியம் தந்தார்கள், அதுவும் 'டேனியா முட்டை உள்ளது' என்று ஒரே வரி (டேனியா என்பது நாடாப்புழு இனத்தின் பெயர்). பன்றிக்கறியில் வரும் புழுவா, மாட்டுக்கறியில் வரும் புழுவா? முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரிக்க முடியாதாம், சரி, அது லேப் தப்பில்லை.

பன்றிப் புழுதான் வம்பு. அரைவேக்காட்டுப் பன்றிக்கறி தின்றால் குடலில் புழு, அதோடு சரி. ஆனால் அந்தப் புழுவின் முட்டை கழுவாத கையிலோ பச்சைக் காய்கறியிலோ ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போனால் மூளையில் நீர்க்கட்டி, வலிப்பு வரை போகும். கறியே தொடாதவர்களுக்கும் வரும். நம்மைப் போன்ற நாடுகளில் வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

வீட்டில் மற்ற மூவருக்கும் அங்கேயே டப்பா வாங்கியிருக்கிறேன். மூடியை மட்டும் திருகிப் பார்த்து வாங்குங்கள், என்னுடைய முதல் டப்பா ஆட்டோவிலேயே கசிந்துவிட்டது.