அரிசியா, அக்கவுண்ட்ல பணமா? ரெண்டு பக்கமும் இருந்து பாத்த கணக்கு

நாட்டை எப்படி திருத்தலாம்னு யாரைக் கேட்டாலும் ஒரு ஐடியா ரெடியா வெச்சிருப்பாங்க. அதுல டீக்கடையில இருந்து டிவி விவாதம் வரைக்கும் சலிக்காம வர்றது இதுதான்: ரேஷன் கடை, குடோன், லாரி, எடை மோசடி, அரிசி கடத்தல் எல்லாத்தையும் ஒரே அடியா இழுத்து மூடிட்டு அந்தக் காசை நேரா ஜனங்க அக்கவுண்ட்ல போட்ருங்க, வேலை முடிஞ்சுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நிஜமாவே செஞ்சு பாத்த இடத்துல குடியிருந்தவன் நான், அப்புறம் அரிசி குடுக்கற பக்கம் வந்து குடியேறினவன், அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சொல்ல முடியும்னு நினைக்கறேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் அரிசி கட்சி.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் 2015 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஒரு விதி போட்டாங்க, யூனியன் பிரதேசம் விரும்பினா தானியத்துக்கு பதிலா பணமா குடுக்கலாம்னு. அந்த செப்டம்பர்லயே சண்டிகரும் புதுச்சேரியும் மாறிடுச்சு, அடுத்த வருஷம் தாத்ரா நகர் ஹவேலில கொஞ்சம் பகுதி. அப்புறம் புதுச்சேரி அரசு தன் கணக்குல குடுத்துட்டிருந்த இலவச அரிசிக்கும் அதே கதி. அப்போ முதல்வரா இருந்த நாராயணசாமி அரிசிதான்னார், கவர்னரா இருந்த கிரண்பேடி பணம்தான்னாங்க, சண்டை கோர்ட் வரைக்கும் போச்சு, கடைசில பணம்தான் ஜெயிச்சுது. வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கறவங்களோட சிவப்பு கார்டுக்கு மாசம் 20 கிலோவுக்கு பதிலா 600 ரூபாய், மத்தவங்களோட மஞ்சள் கார்டுக்கு 10 கிலோவுக்கு பதிலா 300. எங்களது மஞ்சள்.

நாங்க அப்போ முத்தியால்பேட்டையில வாடகைக்கு இருந்தோம். கொரோனாவுக்கு அப்புறம் வாடகை கட்டுப்படியாகாம கோட்டக்குப்பம் வந்துட்டோம். நடந்தே போற தூரம்தான், ஆனா அது புதுச்சேரி, இது விழுப்புரம் மாவட்டம், சட்டம் வேற சாராயக்கடை ரேட்டு வேற. இப்படி வந்தவங்க நிறைய பேர் புதுச்சேரி கார்டை மாத்தாமலே வெச்சிருக்காங்க, அதுக்கு காரணம் இருக்கு, கடைசில சொல்றேன். நாங்க ரெண்டுத்தையும் கணக்கு போட்டுப் பாத்துட்டு அங்க பேர் நீக்கல் சான்று வாங்கி இங்க புது ஸ்மார்ட் கார்டு போட்டோம்.

பணத்துக்கு ஆதரவா இருக்கற பாயிண்ட் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா தாண்டிடறேன். திருட்டு குறையும். இந்திய உணவுக் கழகத்தை சீரமைக்க மத்திய அரசு போட்ட சாந்தகுமார் கமிட்டி 2015ல சொன்ன கணக்குப்படி 2011-12ல தேசம் முழுக்க ரேஷன் தானியத்துல 46.7 சதவீதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு போகல, கிட்டத்தட்ட பாதி. தமிழ்நாடு, சத்தீஸ்கர் மாதிரி மாநிலத்துல நிலைமை அவ்ளோ மோசமில்ல, பீகார் உத்தரப்பிரதேசம் பக்கம்தான் ரொம்ப ஒழுகுச்சு, ஆனாலும் சும்மா தள்ளிட முடியாத நம்பர். அப்புறம் பிடிச்ச அரிசி வாங்கிக்கலாம், க்யூ கிடையாது, வேலைக்கு வெளியூர் போனாலும் பணம் கூடவே வரும். எல்லாம் சரி.

நடைமுறையில என்ன ஆச்சுன்னா, 300 ரூபாய் வந்துச்சு வரலங்கறதே மாசாமாசம் ஒரு துப்பறியற வேலை. சில மாசம் வராது, அப்புறம் மூணு நாலு மாசத்துது சேந்தாப்ல வரும், எந்த மாசத்துக்கு எதுன்னு பாஸ்புக்ல போட்டிருக்காது. எங்க அம்மா அக்கவுண்ட்லதான் வரும், அது மினிமம் பேலன்ஸ் கேக்கற அக்கவுண்ட், ஒரு தடவை பணம் ஏறின அன்னிக்கே பேங்க் அபராதம்னு அதுல பாதிய கடிச்சிடுச்சு. இன்னொண்ணு, ஏடிஎம்ல போய் நின்னா ஐநூறு நோட்டு மட்டும்தான் இருக்கும், 300 எடுக்கணும்னா எப்படி எடுப்ப? அம்மா பேங்க் உள்ள போய் சலான் எழுதி டோக்கன் வாங்கி உக்காந்திருப்பாங்க, கவுண்டர்ல இருக்கறவர் "இதுக்குப் போயி வந்தீங்களாம்மா"ங்கற மாதிரி ஒரு பார்வை பாப்பார். க்யூ ஒழிஞ்சுதுன்னு சொல்றவங்க இந்த க்யூவ கணக்குல சேக்கறதே இல்ல.

இதெல்லாம் கூட சரி பண்ணிடலாம், அக்கவுண்ட் மாத்தலாம், தேதி ஃபிக்ஸ் பண்ணலாம், சாஃப்ட்வேர் கோளாறுக்காக ஒரு திட்டத்தையே வேணாம்னு சொல்ல மாட்டேன். நான் அரிசி பக்கம் சாஞ்சதுக்கு காரணம் வேற, அது ஒண்ணே ஒண்ணுதான். பணத்தோட மதிப்பு கரையும், கரைஞ்சதுக்கு யாரும் பொறுப்பில்ல.

300 ரூபாய்ங்கறது கிலோ 30 கணக்குல 10 கிலோ. அந்த 30ஐ முடிவு பண்ணினப்பவே அந்த விலைக்கு சாப்பிடற மாதிரி அரிசி கிடைக்கறது கஷ்டம், அப்புறம் கடையில அரிசி விலை 50, 55ன்னு ஏறிட்டே போச்சு, 300 அப்படியே 300ஆ நின்னுது. அதாவது 10 கிலோ மெதுவா 6 கிலோ ஆயிடுச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, ரேஷன் கடையில ஒரு மாசம் 10 கிலோவுக்கு பதிலா 6 கிலோதான்னு போர்டு எழுதி மாட்டினா என்ன நடக்கும்? அன்னிக்கு காலையிலயே காலி பையோட பொம்பளைங்க ரோட்ல உக்காந்திருப்பாங்க, மதியம் எம்எல்ஏ வருவார், சாயங்காலம் நியூஸ்ல வரும். பணத்துல அதே நாலு கிலோவ எடுத்தப்போ ஒரு சத்தம் இல்ல. எடுத்தது யாரு? யாருமே இல்ல, விலைவாசி. அமைச்சர் கையெழுத்து கூட போட வேண்டியதில்ல, சும்மா இருந்தா போதும்.

இது புதுச்சேரி கதை மட்டும்னு நினைக்காதீங்க. மத்திய அரசோட முதியோர் பென்ஷன் எடுத்துக்கங்க, இந்திரா காந்தி பேர்ல 2007ல மாத்தினப்போ டெல்லி குடுத்த பங்கு மாசம் 200 ரூபாய். 80 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு அதுக்கப்புறம் எத்தனையோ பட்ஜெட் வந்தும் அதே 200தான். தமிழ்நாட்டுல 2023ல அது 1,200 ஆச்சுன்னா மாநிலம் மேல போட்டுக் குடுத்ததால. மாநிலம் கையில காசில்லாத ஊர்ல இருக்கற பாட்டி என்ன பண்ணும்? 2007ல 200 ரூபாய்க்கு என்ன வந்துச்சு, இப்ப என்ன வருதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கேஸ் மானியம் இன்னும் நல்ல உதாரணம், ஏன்னா இது எல்லா வீட்டுக்கும் நடந்துச்சு. 2014 நவம்பர்ல சில மாவட்டம், 2015 ஜனவரியில நாடு முழுக்க, முழு விலை குடுத்து சிலிண்டர் வாங்குங்க, மானியம் அக்கவுண்ட்ல வரும்னாங்க. வந்துச்சு, இல்லன்னு சொல்லல. அப்புறம் 20, 24ன்னு சுருங்கி 2020 மத்தியில பெரும்பாலான வீட்டுக்கு நின்னே போச்சு. உலக சந்தையில விலை இறங்கியிருந்த நேரம், அதனால அப்ப யாருக்கும் உறைக்கல. விலை திரும்ப ஏறினப்போ மானியம் திரும்பி வரல, 2022 ஜூலையில சென்னையில சிலிண்டர் 1,068 ரூபாய் 50 காசு. ஏழை வீட்டுப் பொம்பளைங்களுக்கு குடுத்த உஜ்வாலா கனெக்‌ஷனுக்கு மட்டும் அந்த மே மாசம் 200 அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் அக்டோபர்ல 300 ஆக்கினாங்க. முன்ன மாதிரி சிலிண்டர் விலையே 400 சொச்சம்னு இருந்திருந்தா அதை ஆயிரமா ஏத்த எந்த அரசுக்காவது தைரியம் வந்திருக்குமா?

இந்தப் பக்கம் பாருங்க. தமிழ்நாட்டுல 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம், எங்கள மாதிரி முன்னுரிமை இல்லாத கார்டுக்கும் ஆளுக்குத் தகுந்தபடி 12ல இருந்து 20 கிலோ வரைக்கும். ஆட்சி மாறுச்சு, முதல்வர் மாறினாங்க, விலைவாசி எங்கயோ போச்சு, அந்தக் கிலோ குறையல. துவரம் பருப்பு வெளில 150 தாண்டினப்பவும் ரேஷன்ல 30 ரூபாய், பாமாயில் 25. சில மாசம் பருப்பு ஸ்டாக் இல்லன்னு அலைய விடுவாங்க, அது வேற, ஆனா ஸ்டாக் இல்லன்னா அது உடனே எல்லாருக்கும் தெரியும், திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கு. கிலோங்கறது விலைவாசியோட தானா ஏறிக்கற சம்பளம் மாதிரி, யாரும் மனு குடுக்க வேண்டாம்.

அரிசி எப்படின்னு கேப்பீங்க. மாசத்துக்கு மாசம் வேற, அதுதான் உண்மை. நல்ல மூட்டை பிரிச்ச அன்னிக்கு போனா புழுங்கல் சாதத்துக்கே நல்லா இருக்கும், இல்லன்னா உடைசல், ஒரு மக்கின வாடை, நாலு தண்ணி கழுவணும். எங்க வீட்ல தெரு முனையில இருக்கற பையனை அனுப்பி இன்னிக்கு என்ன மூட்டைன்னு கேட்டுட்டுதான் பை எடுப்பாங்க. சாதத்துக்கு வெளி அரிசி, இட்லிக்கு முழுக்க ரேஷன் புழுங்கல், அதுல வர்ற மாவு பொங்கற மாதிரி கடை இட்லி அரிசியில வர்றதில்லன்னு எங்கம்மா அடிச்சு சொல்வாங்க. கைரேகை விழாம திரும்பி வர்றது, வாங்காத சர்க்கரைக்கு வாங்கினதா எஸ்எம்எஸ் வர்றது எல்லாம் இங்க உண்டு. கடத்தற கூட்டமும் உண்டு, நம்ம அரிசி பாலிஷ் போட்டு பக்கத்து மாநிலத்துல விக்கறாங்க, கோழித் தீவனத்துக்குப் போகுது. இதை மறைச்சுப் பேசினா அது அலசல் இல்ல, கட்சி மேடை.

கடையை மூடறதுல இன்னொரு வில்லங்கம், திரும்பத் திறக்கறது லேசில்ல. புதுச்சேரியில கடை மூடினப்போ அதுல வேலை பாத்தவங்க சம்பளம் இல்லாம வருஷக்கணக்கா போராட்டம் பண்ணினாங்க. திரும்ப ரேஷன் கடை திறக்க 2024 தீபாவளி ஆகிடுச்சு, அதுவும் ஒவ்வொரு தேர்தல்லயும் எல்லா கட்சியும் வாக்குறுதி குடுத்ததுக்கு அப்புறம். பணத்தை நிறுத்த ஒரு உத்தரவு போதும், கடையைத் திறக்க குடோன், டெண்டர், ஆள், எடை மெஷின் எல்லாம் வேணும்.

பணமும் கடையும் சேத்து வெச்சா என்னன்னு கேக்கறவங்க ஜார்க்கண்ட்ல ராஞ்சி பக்கத்துல நக்ரியில நடந்ததைப் பாக்கணும். 2017 அக்டோபர்ல அங்க மானியத்தை பேங்க்ல போட்டு, அதை எடுத்துட்டு வந்து அதே ரேஷன் கடையில கிலோ 32 குடுத்து அரிசி வாங்குங்கன்னாங்க. பேங்க்ல ஒரு க்யூ, ரேஷன்ல ஒரு க்யூ. ஜனங்க ராஞ்சிக்கு ஊர்வலமா கிளம்பிட்டாங்க, 2018 ஆகஸ்ட்ல திட்டத்தை கைவிட்டாங்க.

சண்டிகர்ல பணம் நல்லா ஓடுதுன்னு சிலர் சொல்றாங்க, இருக்கலாம், அது முழுக்க நகரம், ரோட்டுக்கு ரோடு கடையும் பேங்க்கும் இருக்கற ஊர். மலைக்கிராமத்துக்கும் அதுக்கும் ஒரே மருந்து எப்படி சரியா வரும்? எங்க ஊர் அனுபவத்தை வெச்சு நான் ராஜஸ்தான் பத்தி தீர்ப்பு சொல்ல முடியாது, அதே மாதிரி சண்டிகரை வெச்சு கல்வராயன் மலைக்கு யாரும் சொல்லக் கூடாது.

சரி, என் யோசனை என்ன? பெருசா ஒண்ணும் இல்ல. ஆளுக்கு மாசம் 5 கிலோங்கற மத்திய அரசு தானியத்தை தொடாதீங்க, 80 கோடி பேருக்கு மேல அது போகுது, அதை 2023ல இருந்து இலவசமாவே குடுக்கறாங்க, பட்ஜெட்ல வருஷம் ரெண்டு லட்சம் கோடி கிட்ட உணவு மானியம் ஆகுது, அது செலவுதான், ஆனா தெரிஞ்சு பண்ற செலவு. பணமா குடுக்கணும்னா, அது பென்ஷனோ கேஸோ பொம்பளைங்களுக்கு குடுக்கற மாசத் தொகையோ எதுவா இருந்தாலும், விலைவாசி குறியீட்டோட சட்டத்துலயே கட்டிப் போடுங்க. அரசு ஊழியர்களுக்கு ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை அகவிலைப்படி கணக்கு பாக்கத் தெரியுதுல்ல, அதே ஃபார்முலாவ 200 ரூபாய் பென்ஷன் வாங்கற பாட்டிக்குப் போட என்ன தடை? 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில எல்லாருக்கும் அடிப்படை வருமானம்னு ஒரு அத்தியாயமே எழுதினாங்க, வருஷத்துக்கு 7,620 ரூபாய்னு கணக்கு. அன்னிக்கே அதை ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கும் அதே 7,620தான் வந்திட்டிருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன்.

அரிசி வேணுமா பணம் வேணுமான்னு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத் தலைவியே டிக் பண்ணட்டும்னு ஒரு யோசனையும் சொல்றாங்க. எனக்கும் பிடிச்ச யோசனைதான், ஆனா பாதி பேர் பணத்துக்குப் போயிட்டா மிச்சம் பாதிக்காக கடை ஓடுமா, இல்ல ஆள் குறைவுன்னு சொல்லி மூடிடுவாங்களாங்கற பயம் இருக்கு. ஒரு தாலுகாவுல ரெண்டு மூணு வருஷம் விட்டுப் பாத்துட்டு பேசலாம்.

எங்கள மாதிரி புதுச்சேரியில இருந்து இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணு. இப்ப அங்கயும் கடை திறந்தாச்சு, அரிசிக்காக மட்டும் அவசரப்பட்டு கார்டை மாத்தாதீங்க. பசங்க பிளஸ் டூ பக்கம் வர்ற வயசுன்னா புதுச்சேரியில காலேஜ் சீட் ஒதுக்கற சென்டாக் அட்மிஷனுக்கு புதுச்சேரி குடியிருப்புச் சான்றிதழ் கேப்பாங்க, நிறைய பேர் கார்டை அங்கயே வெச்சிருக்கறதுக்கு அதுதான் காரணம். எங்க பொண்ணு அப்போ மூணாங்கிளாஸ், அதனால நாங்க துணிஞ்சோம்.