ஐசப்போர்ட் கையேடு: இலவசம்தான், ஆனால் தனியாகப் படித்தால் பாதிப் பலன்தான்

அல்சைமர் போன்ற மறதி நோய் (டிமென்ஷியா) வந்தவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பயிற்சிதான் ஐசப்போர்ட். முதலில் இணையவழிப் பயிற்சியாக வந்தது. இணைய வசதி இல்லாதவர்களும் படிக்கட்டும் என்று 2019இல் அதையே கையேடாக வெளியிட்டார்கள். இருநூறு பக்கத்துக்கு மேல் வரும் ஆங்கிலக் கையேட்டை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கே எழுதியிருப்பது அந்தக் கையேட்டைப் பற்றி.

இதில் ஐந்து பகுதிகள், 23 பாடங்கள். நோயைப் பற்றிய அறிமுகத்துக்கு ஒரே ஒரு பாடம். பராமரிப்பாளராக இருப்பதற்கு நான்கு, தன்னைக் கவனித்துக்கொள்வதற்கு மூன்று, அன்றாடப் பராமரிப்புக்கு ஐந்து. மீதிப் பத்தும் நடத்தை மாற்றங்களுக்கு. கோபம், தூக்கமின்மை, சொன்னதையே சொல்வது, வீட்டைவிட்டு நடந்துபோய்த் தொலைவது என ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் இருக்கிறது. சந்தேகமும் இல்லாததைப் பார்ப்பதும் சேர்ந்து ஒரே பாடத்தில் வருகின்றன. இந்தப் பங்கீடே இதை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று காட்டிவிடுகிறது. பராமரிப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நோயாளியின் மறதியைவிட அவருடைய நடத்தை மாற்றங்களே வீட்டிலிருப்பவர்களை அதிகம் உடைக்கின்றன. பேரனின் பெயர் மறந்துபோனால் மனசு வலிக்கும், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி “ஆபீஸுக்கு நேரமாச்சு” என்று தினமும் கிளம்பினால், மூன்றாவது மாதத்தில் பார்த்துக்கொள்பவரும் நோயாளி ஆகிவிடுவார்.

பாடங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கொஞ்சம் விளக்கம், ஒரு குடும்பத்தில் நடப்பதுபோல ஒரு சின்ன நிகழ்வு, “இந்த இடத்தில் என்ன செய்யலாம்?” என்று நாலைந்து வாய்ப்புகளோடு ஒரு கேள்வி, பிறகு எது சரி, ஏன் சரி என்ற பதில். கடைசியில் மூச்சுப் பயிற்சி போல மனதைத் தளர்த்தும் பயிற்சி ஒன்று. அதைத் தாண்டிப் போகத் தோன்றும், தாண்டாதீர்கள். நோயாளியைக் குளிப்பாட்டப் போவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செய்தாலே நம் குரலில் இருக்கும் இறுக்கம் குறையும். வார்த்தை புரியாத நிலையிலும் குரலின் தொனியை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை இது. முதல் பாடத்தை மட்டும் படித்துவிட்டு, இன்றைக்கு வீட்டில் எது பெரிய தலைவலியோ அந்தப் பாடத்துக்கு நேராகப் போய்விட வேண்டும். இணையப் பயிற்சியையும் அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி வெடிக்கும் ஒரு விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம்: “என் வளையலைத் திருடிட்டா.” குற்றச்சாட்டு பெரும்பாலும் மருமகள் மேலோ வேலைக்கு வரும் அம்மா மேலோ விழும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு வாதாடுவது. “நீங்கதானே அத்தை பீரோவுல வெச்சீங்க, மறந்துட்டீங்களா?” என்று நிரூபிக்கப் போனால், மறந்துவிட்டதையும் குத்திக்காட்டிய மாதிரி ஆகிறது, சந்தேகமும் தீருவதில்லை. தான் வைத்த இடம் நினைவில் இல்லாதபோது, பொருள் காணாமல் போனதற்கு மூளை தேடிக்கொள்ளும் ஒரே விளக்கம் திருட்டுதான். மாயநம்பிக்கை, அதாவது நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவது பற்றிய பாடம் சொல்லும் வழியை நம் வீட்டுக்குப் பொருத்தினால் இப்படி வரும். முதலில் அந்தப் பதற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்: “அம்மா கொடுத்த வளையலாச்சே, காணோம்னா பதறத்தான் செய்யும். வாங்க, சேர்ந்து தேடலாம்.” தேடும்போது நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், “இவதான் ஒளிச்சு வெச்சிருக்கா” என்று ஆகிவிடும். அவர் கையிலேயே தட்டுப்படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒளித்துவைக்கும் இடங்கள் பெரும்பாலும் நாலைந்துக்குள் அடங்கிவிடும்: தலையணை உறை, அரிசி டப்பா, பழைய கைப்பை, சாமி படத்துக்குப் பின்னால். அவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அசல் நகையை லாக்கருக்கு அனுப்பிவிட்டு, அதே மாதிரி கவரிங் வளையலை இரண்டு ஜோடி வாங்கி வைப்பது நல்லது. வேலைக்கு வருபவரிடம் இது நோயின் அறிகுறி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாத வீட்டில் ஆள் நிற்க மாட்டார்.

குளியல் பற்றியும் கையேட்டில் நல்ல பாடம் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர்கள் மனதில் நம் வாளியும் மக்கும் இருந்திருக்காது. குளிக்க மறுப்பதற்குப் பிடிவாதம் காரணமில்லை. குளிர், ஈரத்தரை பற்றிய பயம், தலையில் திடீரென்று விழும் தண்ணீர், இன்னொருவர் முன்னால் உடை களைவதில் இருக்கும் கூச்சம் ஆகியவைதான் காரணம். தண்ணீர், துண்டு, மாற்று உடை எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள். வழுக்காத விரிப்பும், நான்கு கால் உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூலும் வேண்டும். இடுப்பிலிருந்து முட்டிவரை ஒரு பழைய வேட்டியோ துண்டோ போர்த்தி, அதன் மேலேயே தண்ணீர் ஊற்றலாம், பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். தலைக்குளியலைத் தனி நாளுக்கு வையுங்கள். மக்கை அவர் கையில் கொடுத்து, அந்தக் கைக்கு மேல் உங்கள் கையை வைத்து ஊற்றினால் தானே குளிப்பதாக உணர்வார். “குளிக்கிறீங்களா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “தண்ணி சூடா இருக்கு, வாங்கப்பா” என்றால் எழுந்து வர வாய்ப்பு அதிகம். அப்படியும் மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு வெந்நீர்த் துணியால் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் துடைத்தால் போதும்.

தூக்கத்துக்கான பாடத்தோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதைக் காலையில் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாலையில் கொடுத்த மாத்திரை ராத்திரி நாலு முறை எழுப்பிவிடும். இருட்டில் கழிப்பறை தேடி விழுவது அப்படித்தான் நடக்கிறது.

கையேட்டை அச்செடுத்தால் முதல் பக்கத்தில் கையாலேயே இதை எழுதி வையுங்கள்: ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானாலோ, ஆள் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, இதுவரை இல்லாத மூர்க்கம் வந்தாலோ, அதை அல்சைமர் முற்றிவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. அல்சைமர் மாதக்கணக்கில் நகரும் நோய். ஒரே நாளில் புரட்டிப்போடுவது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல், மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, அல்லது சொல்லத் தெரியாத வலி. எந்தப் பாடத்தையும் புரட்டாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

நடத்தைப் பகுதி இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கத்துகிறார், அடிக்கிறார் என்று போய் நின்றால் மனநோய்க்குத் தரும் மாத்திரையை எழுதி வாங்குவது சுலபம். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. சில நேரங்களில் அவை தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவைதான் இந்தப் பத்துப் பாடங்கள்.

இனி குறை. இந்தத் திட்டத்தின் இணையவழி வடிவத்தை இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பங்கேற்ற அந்த முன்னோடி ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. சேர்ந்தவர்கள் 150 பேருக்குச் சற்று அதிகம்; கடைசி மதிப்பீடுவரை நீடித்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நோயாளியை மதிப்போடு பார்க்கும் மனப்பான்மை மேம்பட்டிருந்தது. ஆனால் பராமரிப்பாளரின் மனச்சோர்விலும் சுமையிலும், வெறும் தகவல் மட்டும் படித்த குழுவோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதற்குப் பக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழு நடத்திய நீண்டகால ஆய்வை வைத்துப் பாருங்கள். அல்சைமர் நோயாளிகளின் கணவன் அல்லது மனைவி 406 பேர் அதில் பங்கேற்றார்கள். ஆலோசகரோடு ஆறு அமர்வுகள். அதில் நான்கு, மொத்தக் குடும்பத்தையும் உட்காரவைத்து நடத்தியவை. பிறகு ஆதரவுக் குழு, தேவைப்பட்டபோதெல்லாம் பேச ஓர் ஆள். இந்த உதவி கிடைத்த குடும்பங்கள் நோயாளியை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதை, இடைநிலைக் கணக்கில், 557 நாள் தள்ளிப்போட முடிந்தது என்று 2006இல் எழுதினார்கள். ஐசப்போர்ட்டிலும் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. நியூயார்க்கில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், இங்கே இல்லை. எங்கள் கணிப்பில் பெரிய வித்தியாசம் அதுதான்.

அதனால் இந்தக் கையேட்டை இரண்டு பேராகப் பயன்படுத்துங்கள். ஆங்கிலம் படிக்கிற கல்லூரிப் பிள்ளையோ, வெளியூரில் இருக்கும் தம்பியோ வாரம் ஒரு பாடத்தைப் படித்து, அதில் வரும் நிகழ்வைத் தமிழில் போனில் சொல்லட்டும். பார்த்துக்கொள்பவர் பதில் சொல்லட்டும். பெரும்பாலான பாடங்கள் அரை மணிக்குள் முடியும். வெளியூரில் இருந்துகொண்டு “நீ சரியாப் பார்த்துக்கலை” என்று சொல்லும் உறவினருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுப்பது இரட்டை லாபம். மற்றவர்களை ஈடுபடுத்துவது பற்றி இரண்டாம் பகுதியில் வரும் பாடத்தை அவரிடமிருந்தே தொடங்குங்கள். “முடிஞ்சா உதவு” என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் நடக்காது. “ஞாயிறு மூணு மணியிலிருந்து ஏழு மணி வரை நீ இருக்கணும்” என்றால் நடக்கும்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். நான்கு பத்தி போடுங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நாம் என்ன செய்து எப்படி முடிந்தது. ஒரு வாரம் எழுதினாலே சில விஷயங்கள் வெளியே வரும். தினமும் ஐந்து மணி வாக்கில் படபடப்பு என்றால், அந்த நேரத்தில் டிவி சத்தமா, பசியா, விளக்குப் போடாத அரையிருட்டா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

மூன்றாம் பகுதியில் நினைப்பை மாற்றிப் பார்க்கும் பாடம் ஒன்று உண்டு. பெற்றவரைப் பார்த்துக்கொள்ள அலுப்படைகிறோமே என்ற குற்ற உணர்வில் மூழ்கியிருப்பவர் அதைத் தனியே படித்தால் உபதேசமாகத்தான் தோன்றும். இதற்கு ஆள் கட்டாயம் வேண்டும். மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567, அல்சைமர் சங்கத்தின் கிளைகள், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டிமென்ஷியா சேவை ஆகியவை கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.

முடிவெடுக்க உதவுவது பற்றிய பாடம் நன்றாக இருந்தாலும் நம் சட்டத்துக்குப் போதாது. கையேடு உலகத்துக்கே பொதுவானது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இது தெரிந்திருக்க வேண்டும்: இந்தியாவில் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாமல் போய்விடும். பவர் இருக்கிறது என்று நம்பியிருந்தால், அது தேவைப்படும் நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. ஆரம்ப நிலையிலேயே, அவருக்குப் புரியும்போதே, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, நாமினி சரிபார்ப்பது, உயில் எழுதுவதென்றால் தெளிவோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றோடு எழுதுவது ஆகியவற்றை முடித்துவிடுங்கள். பிந்தினால் நீதிமன்றம்தான்.

அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வந்த தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. அத்தனை வீடுகளுக்கும் ஆங்கிலக் கையேடு போய்ச் சேராது. இதன் உரிமம் வணிக நோக்கமில்லாமல் மொழிபெயர்க்கவும் உள்ளூருக்கேற்ப மாற்றவும் இடம் தருகிறது. எப்படி மாற்றுவது என்று தனி வழிகாட்டியும் போட்டிருக்கிறார்கள். முதியோர் மருத்துவத் துறை உள்ள கல்லூரிகளும் சமூகப்பணித் துறைகளும், குறைந்தபட்சம் ஐந்தாம் பகுதியையாவது, வாளிக் குளியலும் கவரிங் வளையலும் உள்ள தமிழில் கொண்டுவர வேண்டும்.

கையேட்டில் குறைபடுவது கடைசிக் கட்டம். படுக்கையோடு ஆகிவிட்ட பிறகு என்ன செய்வது என்பதற்குத் தனிப் பாடம் கிடையாது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, ஊட்டிய பிறகும் அரை மணி அப்படியே வைத்திருப்பது, சாதத்தை மைய மசித்துச் சிறு கரண்டியால் ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பின் அடுத்த வாய் கொடுப்பது ஆகியவற்றை ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். விழுங்க முடியாத நிலை வந்தால் மூக்குவழிக் குழாய் பற்றிப் பேச்சு வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நுரையீரலில் உணவு போவதைத் தடுப்பதாகவோ ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவ அமைப்பும் பரிந்துரைக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் கையெழுத்துக் கேட்கும்போது முடிவெடுப்பது கடினம். அதற்கு முன்பே, வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு நாளில், குடும்ப மருத்துவரையும் வைத்துக்கொண்டு இதைப் பேசி முடித்துவிடுங்கள்.