ஒரே நிறுவனமா, பல துறைகளின் கூட்டா?

கெடா மாநிலத்துப் பீடோங் ஒட்டுக்கடைகளில் சியாபு (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) பேச்சு வந்தால், "போலீஸ் என்ன செய்யுது?" என்பார்கள். விஷயம் போலீசோடு முடிவதில்லை. போதைப்பொருளைத் தடுக்கும் வேலையை நடத்த இரண்டு வழி உண்டு.

முதல் வழி, பொறுப்பை ஒரே கையில் கொடுப்பது. 2025 முதல் எல்லை வாயில்களைப் பார்த்துக்கொள்ளும் ஏகேபிஎஸ் (மலேசிய எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு நிறுவனம்) அப்படித்தான். முன்பு தாய்லாந்து எல்லை வாயிலான புக்கிட் காயு ஹீத்தாமில் பல துறைகள் நின்றன. குடிநுழைவு உள்துறை அமைச்சின் கீழ், சுங்கம் நிதியமைச்சின் கீழ். ஒரு லாரி தப்பினால் யாரைக் கேட்பது? இப்போது பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. ஆனால் வாயிலோடு சரி.

இரண்டாவது, துறைகள் தனித்தனியே இருந்து தகவலைப் பகிர்வது. மெதுவானதுதான், கூட்டம் போட்டே நாள் போகும் (தேநீர், கரிபாப் தவறாது). ஆனாலும் தாய்லாந்து எல்லைக் காட்டுப் பாதையில் வரும் சரக்கை மறிக்கப் போலீசின் பொது நடவடிக்கைப் படை வேண்டும். கடத்துபவனை 1952 அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் நிறுத்த, போலீசின் போதைப்பொருள் பிரிவு வேண்டும். போதைக்குப் பழகிப்போன தோட்டத்துப் பையனுக்கோ ஏஏடிகே (தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) தரும் சிகிச்சையும் மறுவாழ்வும் வேண்டும். அதை எந்த எல்லைக் காவலரும் செய்ய முடியாது.

பீடோங் மாதிரி ஊருக்கு நான் இரண்டாவதைத்தான் கேட்பேன், அந்தக் கூட்டத்தில் ஏஏடிகே அதிகாரிக்கும் ஒரு நாற்காலி போட்டால்.