என்பிடெல்: பிஎஸ்சி பிசிக்ஸ், மேத்ஸ் படிக்கிறவங்களுக்கு உண்மையிலேயே உதவுமா?

பிஎஸ்சி பிசிக்ஸ்லயோ மேத்ஸ்லயோ சேந்திருக்கீங்க, கிளாஸ்ல நோட்ஸ் டிக்டேட் பண்றாங்க, செமஸ்டருக்கு போன வருஷ கேள்வியே சுத்தி சுத்தி வருது, அத உருப்போட்டா நல்ல மார்க்கும் வந்துருது, ஆனா பாடம் மட்டும் உள்ள போன மாதிரியே இல்ல. இந்த நிலமைல இருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். இன்ஜினியரிங் பசங்களுக்கு என்பிடெல் பத்தி யாரும் சொல்லத் தேவையில்ல, கிரெடிட்டுக்காகவே எடுக்க வச்சிடுறாங்க. ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல படிக்கிற நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே மூணாவது வருஷம் முடியும்போதுதான் தெரிய வருது, அதுதான் எனக்கு பெரிய ஆதங்கம்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். என்பிடெல்ங்கிறது காலேஜ் பாடத்த ஆன்லைன்ல வீடியோவா நடத்துற சேவை, ஏழு ஐஐடியும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து 2003ல ஆரம்பிச்சது, மத்திய அரசு காசு. வீடியோ எல்லாம் யூடியூப்லயே ஃப்ரீ. 2014ல இருந்து பரீட்சை வச்சு சர்டிபிகேட்டும் தர்றாங்க. இப்ப ஸ்வயம்னு மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளத்துல போய் கோர்ஸ்ல சேரணும், சேர்றதுக்கு பைசா கிடையாது, பரீட்சை எழுதணும்னாதான் ஃபீஸ், நான் எழுதினப்ப ஒரு கோர்ஸுக்கு 1,000 ரூபாய். வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜனவரிலயும் ஜூலைலயும் புது பேட்ச் ஆரம்பிக்கும். 4 வாரம், 8 வாரம், 12 வாரம்னு கோர்ஸ் இருக்கு.

என்பிடெல்னு சொன்னா அதுல ரெண்டு விதம் இருக்கு, இத குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்ச பழைய லெக்சர் வரிசை, நம்ம இஷ்டத்துக்கு எப்ப வேணா பாக்கலாம். இன்னொண்ணு, வாரா வாரம் வீடியோ, அசைன்மென்ட், கடைசில பரீட்சைன்னு போற கோர்ஸ். ரெண்டும் வேற வேற வேலைக்கு. ஒரு விஷயம் மேல ஆசை வர்றதுக்கு பழைய வரிசை, அத முழுசா முடிக்கிறதுக்கு வாராந்திர கோர்ஸ், என் அனுபவத்துல இப்படித்தான் தோணுது.

பழைய வரிசைல பிசிக்ஸ் பசங்க கண்டிப்பா பாக்க வேண்டியது சென்னை ஐஐடி வி. பாலகிருஷ்ணன் சார் எடுத்த கிளாசிக்கல் பிசிக்ஸும் குவாண்டம் பிசிக்ஸும். அனிமேஷன் கிடையாது, ஸ்லைடு கிடையாது, ஒரு போர்டு, சாக்பீஸ், ஒரு மனுஷன் யோசிச்சு யோசிச்சு பேசுறார், அவ்வளவுதான். ஆனா ஒரு தடவ உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. நம்ம காலேஜ்ல சிம்பிள் பெண்டுலம் எப்படி நடத்துவாங்க? சைன் தீட்டாவ தீட்டான்னு வச்சுக்கோ, எஸ்ஹெச்எம் (சிம்பிள் ஹார்மோனிக் மோஷன், சீரா முன்னும் பின்னும் ஆடுறது) ஈக்வேஷன் வரும், பீரியட் டூ பை ரூட் எல் பை ஜி, முடிஞ்சது, அடுத்த கேள்விக்கு போ. அந்த ஊசலோட கோணத்த ஒரு அச்சுல, கோண வேகத்த இன்னொரு அச்சுல வச்சு படம் போட்டுப் பாத்தா கதையே வேற. சின்னதா ஆடும்போது நீள்வட்டம் மாதிரி மூடின வளையம் வரும், ரொம்ப வேகமா தள்ளி விட்டா அது சுத்திக்கிட்டே இருக்கும், அப்ப கோடு மூடாம ஓடிக்கிட்டே இருக்கும், இந்த ரெண்டுக்கும் நடுவுல சரியா ஒரு எல்லைக்கோடு இருக்கு, அதுல போற ஊசல் உச்சிய நெருங்கிக்கிட்டே இருக்கும் ஆனா போய்ச்சேர முடிவில்லாத நேரம் எடுக்கும். தீட்டா சின்னதுன்னு சொல்லாமலே, ஈக்வேஷன தீர்க்காமலே இவ்வளவையும் சொல்லிடலாம். இப்படி படம் போடுற வெளிக்குத்தான் ஃபேஸ் ஸ்பேஸ்னு பேர், அந்த வார்த்தைய நான் ஸ்டாடிஸ்டிகல் மெக்கானிக்ஸ் பேப்பர்ல டெஃபினிஷனா மட்டும் எழுதிருந்தேன், அது எதுக்குன்னு தெரிஞ்சது இவரோட கிளாசிக்கல் பிசிக்ஸ் வரிசைய பாத்தப்புறம்தான். குவாண்டம் வரிசைலயும் அதே கதைதான், கணித அடித்தளத்த பொறுமையா போட்டுட்டுதான் மேல கட்டுவார், வெக்டர் ஸ்பேஸ் பத்தி மேத்ஸ் டிபார்ட்மென்ட் கவலப்படட்டும்னு விட்டவங்களுக்கு முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு மணி நேர வகுப்பு, ஒரே மூச்சுல ரெண்டு மூணு பாக்காதீங்க, ஒண்ணு பாத்துட்டு நோட்ட எடுத்து அவர் விட்ட ஸ்டெப்ப போட்டுப் பாத்தாதான் அடுத்தது ஏறும்.

மேத்ஸ் பக்கம் வந்தா நம்ம சென்னைலயே இருக்குற சிறுசேரி சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்), தரமணி மேட்சயன்ஸ் (இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேத்தமேட்டிகல் சயின்ஸஸ்) ஆளுங்க எடுக்குற கோர்ஸ்தான் என்னோட சாய்ஸ். சிஎம்ஐ கிருஷ்ணா ஹனுமந்து சாரோட குரூப் தியரி கோர்ஸ் பிஎஸ்சி ரெண்டாவது வருஷத்துக்கு அப்படியே பொருந்தும், அதுக்கு அப்புறம் ரிங்ஸ், ஃபீல்ட்ஸ்னு அவரே அடுத்தடுத்து எடுத்திருக்கார். நிதானமா போவார், கணக்கு போட்டுக் காட்டவே நேரம் ஒதுக்குவார், அது ரொம்ப முக்கியம். ஏன்னா அல்ஜீப்ரால நமக்கு தியரம் தெரியும், உதாரணம் தெரியாது. லாக்ராஞ்ச் தியரத்த தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் ப்ரூஃபோட எழுதுவோம், சப்குரூப்போட ஆர்டர், அதாவது உறுப்பு எண்ணிக்கை, குரூப்போட ஆர்டர வகுக்கும். சரி, வகுக்குற எல்லா எண்ணுக்கும் சப்குரூப் இருக்குமான்னு கேட்டா முழிப்போம். ஏ ஃபோர்னு ஒரு குரூப், 12 உறுப்பு, 6 உறுப்புள்ள சப்குரூப் அதுல கிடையாது. இத படிச்சு தெரிஞ்சுக்குறது வேற, உக்காந்து அதுல இருக்குற 3-சைக்கிள் (மூணு எண்ண சுத்தி விடுற உறுப்பு) எல்லாத்தையும் எழுதி, 6 உறுப்பு சப்குரூப்னா இது எல்லாமே உள்ள வந்தாகணும், ஆனா எட்டு இருக்கே, ஆறுக்குள்ள எப்படி அடங்கும்னு கைல போட்டு கண்டுபிடிக்கிறது வேற. ரெண்டாவது மாதிரி படிக்க ஆரம்பிச்சாதான் இந்த சப்ஜெக்ட் பிடிக்கும்.

இப்ப வாராந்திர கோர்ஸ் எப்படி நடக்குதுன்னு சொல்றேன். 12 வார கோர்ஸ்ல 12 அசைன்மென்ட், அதுல பெஸ்ட் 8 எடுத்துப்பாங்க, 8 வாரம்னா பெஸ்ட் 6, 4 வாரம்னா பெஸ்ட் 3. அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75. சர்டிபிகேட் வேணும்னா 25க்கு 10ம், 75க்கு 30ம் தனித்தனியா வரணும், மொத்தம் கூட்டி நாப்பது வந்துருச்சேன்னு விடமாட்டாங்க. பரீட்சை சென்டர்ல, கம்ப்யூட்டர் முன்னாடி, மூணு மணி நேரம். அசைன்மென்ட் ஆன்சர் கீ போடுறோம்னு யூடியூப்லயும் டெலிகிராம்லயும் நிறைய பேர் இருக்காங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. அந்த 25 மார்க்க மட்டும்தான் அவங்களால வாங்கித்தர முடியும், 75க்கு சென்டர்ல நீங்க தனியா உக்காந்திருப்பீங்க. அதவிட முக்கியம், வாரா வாரம் ஒரு கடைசி தேதி துரத்துறதுதான் இந்த கோர்ஸோட உண்மையான பலமே. ஃப்ரீ வீடியோ உலகத்துல எக்கச்சக்கம், முதல் மூணு வீடியோ பாத்துட்டு விட்டவங்கதான் ஜாஸ்தி. இங்க தேதியும் இருக்கு, கட்டின காசும் இருக்கு, அதனால புரியாத வாரத்துலயும் இழுத்துப் புடிச்சு உக்காருவோம். சர்டிபிகேட்ட விட எனக்கு அந்த பழக்கம்தான் எம்எஸ்சிக்கு வந்தப்ப கை கொடுத்தது.

இனி இதால முடியாதது என்னன்னு பாப்போம், இத சொல்லாம விட்டா ரிவ்யூ முழுசாகாது. அசைன்மென்ட், பரீட்சை பெரும்பாலும் குடுத்த விடைல ஒண்ண டிக் பண்ற கேள்வி, இல்ல விடைய எண்ணா டைப் பண்றது. பிசிக்ஸுக்கு இது ஓரளவு ஓகே. மேத்ஸுக்கு பெரிய குறை. உதாரணத்துக்கு எக்ஸ் ஸ்கொயர் முழு ரியல் லைன்ல யூனிஃபார்ம்லி கன்டின்யுவஸ் இல்ல, இத ட்ரூ ஆர் ஃபால்ஸா கேட்டா டிக் பண்ணிட்டு மார்க் வாங்கிடலாம். ஆனா எந்த எப்சிலான், அப்புறம் எந்த டெல்டா வந்தாலும் எந்த ரெண்டு புள்ளிய எடுக்கப் போறோம், எது முதல்ல எது அப்புறம்னு வரிசையா எழுதி, அத ஒரு ஆள் படிச்சு, இந்த இடத்துல ஓட்டை இருக்குன்னு சொன்னாதான் அனாலிசிஸ் வரும். லட்சக்கணக்குல பேர் சேர்ற ஒரு சேவைல ஒவ்வொருத்தர் ப்ரூஃபையும் யார் படிக்க முடியும், அது புரியுது, ஆனா குறை குறைதான். இதுக்கு நானும் கூட படிச்ச பொண்ணும் பண்ணது என்னன்னா ஒருத்தர் நோட்ட ஒருத்தர் மாத்திக்கிட்டு, எதிரி வக்கீல் மாதிரி ஒவ்வொரு வரியா ஏன் ஏன்னு கேக்குறது. அதுலயும் தீராதத எங்க டிபார்ட்மென்ட் மேடம் ஒருத்தங்ககிட்ட கொண்டு போவோம், சிலபஸ்ல இல்லாததுன்னு ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல, ஸ்டாஃப் ரூம்லயே நின்னு படிச்சு பென்சில்ல சுழிச்சுக் குடுப்பாங்க. அந்த மாதிரி ஒருத்தர் உங்க காலேஜ்லயும் இருப்பாங்க, தேடிப் போய் கேளுங்க.

பிசிக்ஸ் லேபுக்கும் இது மாற்று கிடையாது. ஸ்பெக்ட்ரோமீட்டர்ல ப்ரிசத்த மெதுவா திருப்பிக்கிட்டே வரும்போது ஸ்லிட் இமேஜ் ஒரு பக்கமா நகர்ந்து, ஒரு இடத்துல நின்னு, திரும்ப வந்த வழியே போகும் பாருங்க, அந்த மினிமம் டீவியேஷன கண்ணால புடிக்கிறது கைப்பழக்கம். அத எந்த வீடியோவும் குடுக்காது. லேப் நாள்ல ரீடிங்க சீனியர் ரெக்கார்ட பாத்து எழுதாம இருந்தாலே போதும்.

இங்கிலீஷ் பயம் இருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் தலைய சுத்தும், அது சகஜம். வீடியோவுக்கு சப்டைட்டில் இருக்கு, வேகத்த குறைச்சுக்கலாம், நிறைய கோர்ஸுக்கு பேசினத அப்படியே எழுத்தா பிடிஎஃப்ல போட்டிருக்காங்க, சிலதுக்கு தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. முதல்ல தமிழ்ல படிச்சுட்டு அப்புறம் வீடியோ பாருங்க, கலைச்சொல் எல்லாம் சீக்கிரம் பழகிரும்.

கிரெடிட் விஷயம், ஸ்வயம் கோர்ஸ் மூலமா ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும் கிரெடிட் எடுத்துக்கலாம்னு யுஜிசி 2021 விதில இருக்கு. ஆனா உங்க யுனிவர்சிட்டி அத ஏத்துக்கிட்டிருக்கா, எந்த பேப்பருக்கு பதிலா எதன்னு காசு கட்டுறதுக்கு முன்னாடியே ஹெச்ஓடிகிட்ட கேட்டு வச்சுக்கோங்க, அப்புறம் அலைய வேண்டாம்.

எப்ப ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, முதல் வருஷம் ரெண்டாவது செமஸ்டர். ஒரே ஒரு கோர்ஸ் எடுங்க, மூணு நாலு சேத்து எடுத்தா எதுவும் முடியாது, நம்ம செமஸ்டரும் கூடவே ஓடிக்கிட்டு இருக்கும். மேத்ஸ் ஆளுங்க லீனியர் அல்ஜீப்ரா, பிசிக்ஸ் ஆளுங்களும் அதேதான், ஆமா, குவாண்டத்துக்கு முன்னாடி அத முடிச்சு வச்சீங்கன்னா பாதி பாரம் குறையும். ஜேஏஎம் (ஐஐடி மாதிரி இடத்துல எம்எஸ்சி சேர்றதுக்கான நுழைவுத் தேர்வு) எழுதுற எண்ணம் இருந்தா ரெண்டாவது வருஷத்துல ரியல் அனாலிசிஸ், குரூப் தியரி, பிசிக்ஸ்னா மெக்கானிக்ஸ், எலக்ட்ரோமேக்னடிக் தியரி. கோர்ஸ் செலக்ட் பண்றதுக்கு முன்னாடி அதே கோர்ஸோட பழைய அசைன்மென்ட் கிடைச்சா திறந்து முதல் வாரத்து கேள்விய போட்டுப் பாருங்க, பாதியாவது வந்தா தைரியமா சேருங்க, ஒண்ணுமே வரலன்னா அதுக்கு முந்தின கோர்ஸ் எதுன்னு அறிமுகப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, அங்க இருந்து ஆரம்பிங்க.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன். கொறச்ச அரை மார்க் ப்ரூஃப் படிக்க ஆள் இல்லாததுக்கு.