ரிலே செட்டிங் பணிக்கு எஸ்இஎல் குவிக்செட்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் புல்மன் நகரில் 1982-இல் தொடங்கப்பட்ட ஷ்வைட்சர் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் (எஸ்இஎல்) நிறுவனத்தின் ரிலேக்களுக்கு, அதாவது மின்பழுதைக் கண்டறிந்து மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் செய்யும் கருவிகளுக்கு, செட்டிங் (செயல்படும் வரம்புகள்) கொடுக்கப் பயன்படும் குவிக்செட் மென்பொருளை, மின்தொடர் (மின்கடத்தும் பாதை) பாதுகாப்புக்கான எஸ்இஎல்-421, ஜெனரேட்டர் பாதுகாப்புக்கான எஸ்இஎல்-700ஜி ஆகிய இரு ரிலேக்களை முன்வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். விண்டோஸில் இயங்கும் இம்மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சீமென்ஸின் இதே வகை மென்பொருளான டிக்ஸி 5-க்கு வசதிகளைப் பொறுத்து உரிமம் வாங்க வேண்டியிருக்கும் நிலையில் இது சிறிய சலுகையன்று.

புதிய செட்டிங் கோப்பைத் திறக்கும் இடத்திலேயே கவனம் தேவை. ரிலேயின் எஃப்ஐடி (ஃபர்ம்வேர் அடையாள) வரியில் இசட் எழுத்தை அடுத்து வரும் எண்ணைப் பார்த்துப் பொருத்தமான பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ரிலேயின் பார்ட் நம்பரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். சி.டி.யின் (மின்னோட்டத்தைக் குறைத்து ரிலேக்குத் தரும் மின்மாற்றி) செகண்டரி, அதாவது ரிலே பக்கம், 1 ஆம்பியரா, 5 ஆம்பியரா என்பது அந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. நம் துணை மின்நிலையங்களில் 1 ஆம்பியரே வழக்கம் என்பதால், இதைத் தவறாகக் கொடுத்தால் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கப்படும் மின்மறுப்பு) வரம்புகள் ஐந்து மடங்கு மாறிவிடும்.

பழுது எவ்வளவு தொலைவில் என்பதை இம்பீடன்ஸைக் கொண்டு கணிக்கும் தொலைவுப் பாதுகாப்பின் எல்லைகளை, அதாவது மண்டலங்களை, செகண்டரி ஓமில்தான் இட வேண்டும். 230 கி.வோ. தொடர் ஒன்றின் இம்பீடன்ஸ் 40 ஓம், சி.டி. 800/1, பி.டி. (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மின்மாற்றி) 230 கி.வோ./110 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், செகண்டரியில் அது 15.3 ஓம், தாமதமின்றிச் செயல்படும் முதல் மண்டலத்திற்கு 80 சதவீதம் என்றால் 12.24 ஓம். டிக்ஸி 5-இல் பிரைமரி (தொடர்ப் பக்க) மதிப்பையே நேரடியாக இட்டுக்கொள்ளலாம். இங்கே எக்செல் தாளைப் பக்கத்தில் திறந்து வைத்திருப்பதே வழி. இரண்டாம் மண்டலத்தின் தாமதத்தையும் 421 சைக்கிளில்தான் கேட்கும்: 0.35 விநாடி என்பது 50 ஹெர்ட்ஸில் 17.5 சைக்கிள். அமெரிக்கத் தயாரிப்பாகையால், அதிர்வெண் 50 என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

வரம்பை மீறிய மதிப்பை மென்பொருள் உடனே பிழையாகக் காட்டிவிடும்; ஆனால் வரம்புக்குள் இருக்கும் தவறான மதிப்பைப் பற்றி அது வாயே திறக்காது. தரைப் பழுதுக்கான கே0 காரணியை (தரை வழியே திரும்பும் மின்னோட்டத்துக்கான திருத்தம்) எடுத்துக்கொள்வோம். எஸ்இஎல் முறையில் இசட்0-விலிருந்து (தொடரின் சுழிவரிசை இம்பீடன்ஸ்) இசட்1-ஐ (நேர்வரிசை இம்பீடன்ஸ்) கழித்து, இசட்1-இன் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். இசட்0 மூன்று மடங்காக இருக்கும் தொடரில் விடை 0.67. மூன்றால் வகுக்க மறந்து 2 என்று இட்டாலும் ஏற்றுக்கொள்ளும். விளைவாக முதல் மண்டலம் நீண்டு, அடுத்த தொடரில் ஏற்படும் தரைப் பழுதுக்கும் இங்குள்ள பிரேக்கர் தாமதமின்றி டிரிப் ஆகலாம். சீமென்ஸின் பழைய ரிலேக்களில் இதே திருத்தத்தை ஆர்இ/ஆர்எல், எக்ஸ்இ/எக்ஸ்எல் என்ற விகித வடிவில் இட்டுப் பழகியவர்கள், கே0-வைக் கையால் இடாமல் 'ஆட்டோ' என்று விட்டுவிடுவதே மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது டிரிப் லாஜிக்கை எழுதும் முறை. எந்தெந்த உறுப்புகள் பிரேக்கரைத் திறக்கும் என்பது 'எம்1பி ஆர் இசட்1ஜி ஆர் எம்2பிடி' (முதல் மண்டல ஃபேஸ் பழுது, அல்லது முதல் மண்டலத் தரைப் பழுது, அல்லது தாமதத்துடன் இரண்டாம் மண்டல ஃபேஸ் பழுது) என்று ஒரே வரிச் சமன்பாடாக நிற்கிறது. படம் படமாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செட்டிங் தாளைச் சரிபார்க்கும் மூத்த பொறியாளருக்கு இதைவிட உதவி வேறில்லை.

700ஜி-யில் தாமதங்கள் விநாடியில் இருப்பது ஓர் ஆறுதல். ஜெனரேட்டரின் காந்தப்புலம் அற்றுப்போவதைக் கண்டறியும் புலமிழப்புப் பாதுகாப்பில் எக்ஸ்டி-டேஷில் (ஜெனரேட்டரின் நிலைமாறு ரியாக்டன்ஸ்) பாதியை எதிர்க்குறியுடன் ஆஃப்செட்டாகவும், முதல் வட்டத்தின் விட்டத்தை 1 பெர் யூனிட்டாகவும் (ஜெனரேட்டரின் அடிப்படை இம்பீடன்ஸ் அளவு), இரண்டாவதை எக்ஸ்டி (சீர்நிலை ரியாக்டன்ஸ்) அளவாகவும் இடுவது பரவலான வழக்கம். எதிர்த்திசை மின்திறனுக்கு (ஜெனரேட்டர் மோட்டார்போல் மின்சாரத்தை இழுப்பது) இப்படிப் பொதுவிதி கிடையாது: நீராவி டர்பைன் 3 சதவீதத்திற்குள்ளாகவே இழுக்கக்கூடும், டீசல் எஞ்சின் 25 சதவீதம் வரை இழுக்கலாம். அந்த எண்ணை டர்பைன் அல்லது எஞ்சின் தயாரிப்பாளரிடமிருந்துதான் பெற வேண்டும்.

அனுப்பிய செட்டிங்கை மறுபடியும் ரிலேயிலிருந்து படித்து மூலக்கோப்போடு ஒப்பிடும் வசதி நன்றாகவே இருக்கிறது. அதைத் தவிர்க்கக் கூடாது. செட்டிங்கைச் சேமிக்கும் சிறு பொழுதில் ரிலே செயலிழந்திருக்கும் என்பதால், மின்னேற்றம் பெற்ற தொடரில் இந்த வேலையைத் தொடங்குமுன் மாற்றுப் பாதுகாப்பு பணியில் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.