அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா: எந்த ஊர் கிளையன்ட் வீட்டுக்கு ஒத்துவரும்?

ஐடி வேலையில் புது புராஜெக்டுக்கு மாறும்போது நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: என்ன டெக்னாலஜி, எவ்வளவு ஹைக் (சம்பள உயர்வு). நம்மிடம் வேலை வாங்கும் கிளையன்ட் எந்த ஊர்க்காரர் என்பது கடைசியில், போகிற போக்கில் தெரியவரும். பதின்மூன்று வருடத்தில் இந்த மூன்று நாட்டு டீம்களோடும் வேலை பார்த்துவிட்டேன். அதே மேடவாக்கம் வீடு, அதே அம்மா, மனைவி, மகள். ஆனால் கிளையன்ட் மாறிய ஒவ்வொரு முறையும் வீடு வேறு மாதிரி நடந்தது. பிள்ளை பள்ளிக்குப் போகும் வீடாக இருந்தால் ஊரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம்.

முதலில் அமெரிக்கா. நியூயார்க் பக்கம் என்றால் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டால் 7:30. சிகாகோ, டல்லாஸ் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கலிஃபோர்னியா என்றால் இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பகல் முழுக்க யாரும் மெசேஜ் போட்டு பிங் பண்ண மாட்டார்கள். நான் எழுதியதில் நல்ல கோட் என்று நினைப்பதெல்லாம் அந்த அமைதியான மதியங்களில் எழுதியவைதான். அதற்கான விலை, ஒரு வரிச் சந்தேகத்துக்குக்கூட ஒரு நாள் காத்திருப்பது. காலை பதினொரு மணிக்கு ரிவ்யூவுக்கு (சரிபார்ப்புக்கு) அனுப்பிய கோட் இரவு எட்டுக்குத் திரும்பி வரும், அதைத் திருத்தி அனுப்பினால் மறுநாள் இரவு.

ஆனால் அந்த இரவு எட்டு மணிதான் வீட்டின் முக்கியமான நேரம். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. தமிழ் நோட்டை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பாள். நான் கால் பேசிக்கொண்டே ஐந்து விரலை விரித்துக் காட்டுவேன், ஐந்து நிமிஷம் என்று. அது ஒருபோதும் ஐந்து நிமிஷமாக இருந்ததில்லை. ஒரு நாள் வந்தாள், நான் கையைத் தூக்குவதற்கு முன்னால் அவளே ஐந்து விரலைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மறுநாளே மேனேஜரிடம் புராஜெக்ட் மாற்றம் கேட்டேன். கிடைக்க ஏழு மாதம் ஆனது.

இவ்வளவும் டெவலப்பர் கதை. சப்போர்ட் டீமில் இருப்பவர்களுக்கு முழு இரவு ஷிஃப்ட். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அங்கேயே வைத்தது. ஷிஃப்ட் அலவன்ஸ் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து பிரிட்டன். லண்டன் காலை 9 மணி நமக்கு மதியம் 1:30, குளிர்காலத்தில் 2:30. பெரும்பாலான டீம்கள் மதியம் பன்னிரண்டு முதல் இரவு ஒன்பது, அல்லது ஒன்று முதல் பத்து என்று வைத்துக்கொள்கின்றன. காலை முழுக்க நம் கையில். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பிசியோதெரபிக்கு அழைத்துப்போன மூன்று மாதமும் நான் ஒரு நாள் லீவு போடவில்லை. ரேஷன் கடை, ஈபி ஆபீஸ், கேஸ் சிலிண்டர் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கும், இன்னும் பள்ளியில் சேராத குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் கணக்கு தலைகீழாகிறது. மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் சும்மா இருப்பேன். மாலையில் அவள் வேன் வாசலில் நிற்கும்போது நான் மீட்டிங்கில் இருப்பேன். நேரம் இருக்கிறது, ஆனால் அவள் இருக்கும் நேரமாக அது இல்லை. சரி, காலையாவது உறுதியா என்றால் ஆன்-கால் வாரத்தில், அதாவது பிரச்சினை வந்தால் எந்த நேரமும் எடுக்க வேண்டிய வாரத்தில், அதுவும் இல்லை. லண்டனில் அதிகாலை இரண்டு மணிக்குத் தானாக ஓடும் புரோகிராம் (பேட்ச் ஜாப்) கோடைக்காலத்தில் நமக்கு 6:30. அது பாதியில் நின்றுவிட்டால் டிபன் பாக்ஸ் கட்டும் நேரத்தில் லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

இப்போது மூன்றாவது வருடமாக சிட்னி டீம். பலரும் இதற்குப் பயப்படுவது விடியற்காலைக்காக. பயம் நியாயமானதுதான். சிட்னி காலை 9 மணி நமக்கு 4:30. அக்டோபர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னால் நகர்த்தியதும் 3:30. எங்கள் ஸ்டாண்ட்-அப் (தினமும் நடக்கும் சின்ன மீட்டிங்) அவர்களுக்கு 10:30, அதாவது எனக்குப் பாதி வருடம் காலை 6, மீதிப் பாதி 5. இரவு ஒன்பதுக்குப் படுத்தே ஆக வேண்டும். முதல் இரண்டு மாதம் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி சரியாக ஸ்டாண்ட்-அப் நேரத்தில்தான் ஆரம்பிக்கும். என் முறை வரும்வரை மைக்கை மியூட்டில் வைத்திருப்பேன், பேசும்போது திருப்பாவை சேர்ந்தே கேட்கும். சிட்னியில் ஒரு பெண் ஒருமுறை என்ன பாட்டு என்று கேட்டு, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். அந்த மாதம் முழுக்க அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். ஒன்பதுக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். ஆஸ்திரேலிய நேரத்துக்கு மாறினால் காலைச் சுமை முழுக்க அவள் தலையில் விழுமே என்பதுதான் எங்கள் பெரிய கவலையாக இருந்தது. மாறிய பிறகுதான் ஒன்று புரிந்தது. நமக்குக் காலை 7:30 என்றால் சிட்னியில் மதியம் 12, அக்டோபருக்குப் பிறகு 1 மணி. அவர்கள் சாப்பிடப் போகும் நேரம். காலண்டரில் 7:30 முதல் 8:15 வரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில் அதன்மேல் மீட்டிங் விழுந்தது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தலை பின்னுவது இன்னும் எனக்குச் சரியாக வராது, அதை மட்டும் மனைவி பார்த்துக்கொள்கிறாள். மற்றபடி சட்னி அரைப்பதிலிருந்து வேன் ஏற்றிவிடுவது வரை என் பொறுப்பு. மதியம் 12:30-க்கெல்லாம் சிட்னியில் ஆபீஸ் முடிந்துவிடும். அதன்பிறகு மூன்று மணி வரை அமெரிக்க புராஜெக்டில் கிடைத்த அதே அமைதி, கோட் எழுத.

வெள்ளிக்கிழமையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். நியூயார்க்கில் வெள்ளி மதியம் 2 மணிக்கு, நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டமான புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் நமக்கு இரவு 11:30, சனிக்கிழமை பாதி அதிலேயே போகும். லண்டன் என்றால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் லேப்டாப்பை மூட முடியும், அதற்குள் எழும்பூரில் தென்மாவட்ட ரயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்கும். சிட்னி என்றால் மதியம் மூன்றுக்கு வாரம் முடிந்தது. சாவகாசமாகக் குளித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு ரயிலேறலாம். இந்த ஒரு வசதிக்காகவே எங்கள் வீட்டில் இப்போது வருடத்துக்கு ஆறேழு முறை விருதுநகர் போகிறோம்.

பொங்கலும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் கோடை விடுமுறை. ஜனவரி 26, அவர்களுடைய தேசிய நாள், நமக்குக் குடியரசு தினம். அதுவரை வேலை மெதுவாகத்தான் நகரும், பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அமெரிக்க டீமில் நிலைமை நேர் எதிர். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் தொடங்கி வருடக் கடைசி வரை ஓய்ந்திருப்பார்கள், ஜனவரியில் புது வருடத் திட்டங்களோடு முழு வேகத்தில் இறங்குவார்கள். நம் பொங்கல் அந்த வேகத்தில் மாட்டிக்கொள்ளும்.

பணத்தைப் பொறுத்தவரை அமெரிக்காதான் முன்னால். இந்திய ஐடி ஏற்றுமதியில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது, எனவே வாய்ப்பும் அங்கேதான் அதிகம். ஆஸ்திரேலிய டீம்கள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் சிறியவை. பதவி உயர்வுக்கு எனக்கு ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்யாணம் ஆகாதவர்களும், கடன் சுமை உள்ளவர்களும் அமெரிக்க புராஜெக்டை எடுத்தால் தவறென்று சொல்ல மாட்டேன். கிளையன்ட் நாட்டுக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் கனவுக்காக மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்த பிறகு அந்தக் கணக்கே மாறிவிட்டது.

மாறப்போகிறவர்கள் இன்டர்வியூவில் நாட்டின் பெயரோடு நின்றுவிடாமல் நகரத்தையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலேயே பிரிஸ்பேனில் கடிகாரம் மாற்றுவதில்லை, வருடம் முழுக்க நாலரை மணி நேர வித்தியாசம்தான். பெர்த்தும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் மட்டுமே முன்னால். அவர்களுடைய 9 மணி நமக்கு 6:30, விடியற்காலை அலாரமே தேவையில்லை. சிங்கப்பூரில் தீபாவளிக்குப் பொது விடுமுறையும் உண்டு. அப்புறம், ஸ்டாண்ட்-அப் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஒரு நேரத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஜூலையில் எத்தனை மணி, டிசம்பரில் எத்தனை மணி என்று இரண்டையும் கேட்டு, பிள்ளையின் வேன் நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.